பாதியில் நின்ற ரீஸ்டோர்

திருச்சியில் தென்னூர் உழவர் சந்தையிலிருந்து தில்லைநகர் பக்கம் நடந்து பாருங்கள். குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், ரத்தப் பரிசோதனைக் கூடம். புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள், அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு கவருடன் இந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கவருக்குள் இருக்கும் ஒவ்வொரு தாளும் ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே இரவும் பகலும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. பெயர், வயது, ரசீது எண், போன வருடம் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பது வரை அதற்குள் இருக்கும் டேட்டாபேஸில் பதிவாகியிருக்கும். அப்படிப்பட்ட டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தென்னூரிலும் அதைச் சுற்றியும் பரிசோதனைக் கூடங்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், என்.எஸ்.பி. ரோட்டில் சில ஜவுளிக் கடைகள், இவ்வளவுதான் என் வட்டம்.

இரவில் எனக்கு வரும் போன்களில் அதிகம் கேட்கிற வாக்கியம், "அக்கா, ரீஸ்டோர் பாதியில நின்னுடுச்சு" என்பதுதான். என்னுடைய முதல் பதிலும் எப்போதும் ஒன்றே: "எதையும் தொடாதே, வரேன்." பாதியில் நின்றதால் மட்டுமே நாசமான டேட்டாபேஸை நான் பார்த்ததில்லை. நின்ற பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் பதற்றத்தில் யாரோ எதையோ அழுத்தி நாசமானவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கப் என்றால் எல்லாருக்கும் தெரியும், நகல் எடுத்து வைப்பது. அந்த நகலிலிருந்து டேட்டாபேஸை மறுபடி எழுப்புவது ரீஸ்டோர். போட்டோவை பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போடுவதுபோல ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது மூன்று வேலைகள். முதலில் நகலில் உள்ள பக்கங்களை அப்படியே புது இடத்தில் எழுத வேண்டும். பேக்கப் ஓடிக்கொண்டிருந்த நேரத்திலும் கவுன்டரில் பில் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த மாற்றங்கள் 'லாக்' என்ற பதிவில் வரிசையாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்வது இரண்டாவது வேலை. அந்த நொடியில் பாதியிலிருந்த, முடிக்கப்படாத பில்களைக் கவனமாக அழித்துவிடுவது மூன்றாவது. மூன்றும் முடிந்தால்தான் கதவு திறக்கும்.

சென்ற ஆண்டு தில்லைநகர்க் குறுக்குத் தெரு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் பழைய சர்வரை மாற்றிப் புதிது வைக்கும் வேலை. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குக் கூடத்தை மூடியதும் பேக்கப் எடுத்து, வெளி ஹார்டு டிஸ்கில் போட்டு, புது மெஷினில் ரீஸ்டோர் செய்ய வேண்டும். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கெட்டிக்காரன். அவனே செய்கிறேன் என்றான். நாற்பத்தைந்து சதவீதம் வந்தபோது கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். ஒரு நிமிடம் கூவிவிட்டு அடங்கியது. திருச்சி வெயிலில் காற்றோட்டமில்லாத அறையில் வைத்த யு.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஜெனரேட்டர் போட்டு மெஷினைத் திரும்ப எழுப்பியபோது, டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'ரீஸ்டோரிங்' என்று அடைப்புக்குறிக்குள் நின்றது. அசையவே இல்லை.

"அக்கா, இதை டெலிட் பண்ணிட்டுப் பழைய சர்வரையும் ஒருதடவை ஷட் டவுன் பண்ணிப் போடவா?"

"பழைய சர்வர் பக்கமே போகாதே தம்பி. அது ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"அப்ப பயமில்ல. டாக்டர் சார்கிட்ட சொல்லு, காலையில புதுசு எழுந்திரிக்கலைன்னா பழசுலயே பில் போடலாம்னு."

காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். கூடத்தை நடத்தும் டாக்டரின் கவலை அது, நியாயமான கவலை. ஆனால் பழையது உயிரோடு இருக்கும்வரை நமக்கு நேரம் இருக்கிறது. இப்படி நின்றுபோன எந்த இடத்திலும் நான் கேட்கும் முதல் கேள்வி, மூலம் எங்கே, யார் கையில் இருக்கிறது, அதை இன்னும் யாரும் தொடவில்லையே என்பதுதான்.

'ரீஸ்டோரிங்' என்று நிற்பதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை. அந்தக் கூடத்தில் இருந்தது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர். அதில் நகல் முழுவதும் எழுதி முடிந்த பிறகும், இன்னும் லாக் பேக்கப்புகள் வரும், காத்திரு என்று நாம் கட்டளையில் சொல்லியிருந்தால் இதே சொல்லோடுதான் காத்திருக்கும். அது நின்றுபோனது இல்லை. இனி எதுவும் வராது, திற என்று 'வித் ரெக்கவரி' சேர்த்து ஒரு வரி எழுதினால் திறந்துகொள்ளும். இதை அறியாமல் முழுதாக எழுந்த டேட்டாபேஸை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். எழுதும்போதே கரண்ட் போய் அறுந்ததும் வெளியிலிருந்து பார்த்தால் அப்படியேதான் தெரியும். அதற்குத் திற என்று கட்டளை கொடுத்தால் திறக்காது, மறுத்துவிடும். அந்த மறுப்பு நம்மைக் காப்பாற்றத்தான். எது எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சர்வரின் எரர் லாகைத் திறந்தால் ரீஸ்டோர் முடிந்ததா இல்லையா என்று நேரத்தோடு எழுதியிருக்கும். அதைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறவர்களிடம்தான் என் வருத்தமெல்லாம்.

உண்மையிலேயே அறுந்திருந்தால் இரண்டு வழி. கொடுத்த அதே ரீஸ்டோர் கட்டளையை, கடைசியில் 'வித் ரீஸ்டார்ட்' என்று சேர்த்துத் திரும்பக் கொடுக்கலாம். எங்கே விட்டதோ அங்கிருந்து எஸ்க்யூஎல் சர்வர் தொடரும். எதுவரை முடித்தோம் என்று அது ஒரு சின்னக் கோப்பில் தனியாகக் குறித்து வைத்திருக்கும். பல நூறு ஜிபி அளவுள்ள டேட்டாபேஸுக்கு இது பெரிய வரம். இன்னொரு வழி, முதலிலிருந்து தொடங்குவது. சின்னக் கூடங்களில் இருப்பது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு; 2008 ஆர்2-விலிருந்து 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. அந்த அளவுக்கு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த இரவும் நேரில் போய் அதைத்தான் செய்தேன். அதற்கு முன்னால் பேக்கப் கோப்பை வெளி டிஸ்கிலிருந்து மெஷினுக்குள்ளேயே நகல் எடுத்தேன், யுஎஸ்பி கேபிளை நம்பி ரீஸ்டோர் ஓட்ட எனக்கு மனம் வராது. 'வெரிஃபை ஒன்லி' கொடுத்துக் கோப்பு படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் கட்டளை.

நூறு சதவீதம் வந்தது. தம்பி எழுந்து நின்றுவிட்டான். ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நூறு ஆயிடுச்சுக்கா, இன்னும் சுத்துது. ஹேங் ஆயிடுச்சா?"

இல்லை. அந்த நூறு, முதல் வேலைக்கு மட்டும். பக்கங்களை எழுதி முடித்தாயிற்று, இனிமேல்தான் லாகைப் பார்த்துத் திரும்பச் செய்வதும் அழிப்பதும் நடக்கும். அந்த நேரத்துக்குச் சதவீதக் கணக்கு திரையில் வராது. அதேபோல ஆரம்பத்தில் பூஜ்யத்திலேயே வெகுநேரம் நிற்பதும் உண்டு; லாக் கோப்புக்கு வேண்டிய இடம் முழுவதையும் சுழியம் எழுதி நிரப்பிவிட்டுத்தான் மெஷின் அடுத்த வேலைக்குப் போகும். பூஜ்யத்திலும் நூறிலும்தான் மனிதர்கள் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்குகிறார்கள். பார்க்க வேண்டியது டிஸ்க் விளக்கை. அது துடித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

தம்பி அப்போது கேட்ட கேள்வி இந்தத் துறையின் மிக ஆழமான கேள்விகளில் ஒன்று: "இப்பத் திரும்பவும் கரண்ட் போனா என்னக்கா ஆகும்?" விழுந்தவன் எழுந்துகொண்டிருக்கும்போதே மறுபடி விழுந்தால்? பாதி அழித்த பில்லை மறுபடி அழிக்கப்போய், அழித்ததையே அழித்துப் பழைய தவறை உயிர்ப்பித்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு உலகம் இன்று சார்ந்திருக்கும் பதிலைக் கொடுத்த குழுவின் முதல் பெயர் நம்மவருடையது. சி. மோகன். 1955-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து 1977-இல் அமெரிக்கா போய், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தவர். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தில்லைநகர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டி வரை.

அதன் சாரத்தை ஒரு பில்லை வைத்தே சொல்லிவிடலாம். ஒருவருக்கு மூன்று பரிசோதனைகள். கவுன்டரில் முதல் இரண்டைப் பதிந்தாயிற்று, மூன்றாவதற்குள் கரண்ட் போயிற்று. மெஷின் எழுந்ததும் லாகைப் பார்த்து, நடந்ததையெல்லாம் நடந்த வரிசையிலேயே திரும்ப நடத்தும். இந்த அரைகுறை பில்லின் இரண்டு வரிகளையும்கூட. இது வீண் வேலைபோலத் தோன்றும். கரண்ட் போன நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால்தான் அடுத்த அடி உறுதியாக இருக்கும் என்பது மோகன் குழுவின் தீர்மானம். பிறகு முடியாத பில்லைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி நீக்கும். இங்கேதான் விஷயம்: ஒவ்வொரு வரியை நீக்கும்போதும், 'இந்த வரியை நீக்கினேன், அடுத்து நீக்க வேண்டியது இது' என்று லாகிலேயே இன்னொரு வரி எழுதிவிடும். இரண்டாவது வரியை நீக்கியதும் மறுபடி கரண்ட் போனால்? எழுந்ததும் லாகைப் படிக்கும். நீக்கிய செயலும் அதில் இருக்கிறது. அதையும் திரும்பச் செய்துவிட்டு, எஞ்சியது முதல் வரி மட்டும்தான் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் நீக்கும். நீக்கியதை ஒருநாளும் நீக்காது. பத்து தடவை கரண்ட் போனாலும் பதினோராவது தடவை அதே சரியான இடத்துக்கு வந்து சேரும். முப்பது வருடத்துக்கு மேலாகியும் இதைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

(போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இதை வேறு விதமாகச் செய்கிறது, பழைய வரியைப் பக்கத்திலேயே வைத்திருப்பதால் அதற்கு எழும்போது நீக்கும் கட்டமே தேவையில்லை. மோகனின் வழி ஒன்றே வழி என்று சொல்ல வரவில்லை.)

மெஷினுக்குள் இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது. மெஷினுக்கு வெளியே, நம் கையில் எதுவும் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. இரவு நேரம், இரண்டு சர்வர்களுக்கிடையே நகல் ஒத்துப்போகவில்லை, சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எங்கே என்று தேடினால், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்தது பதிப்பு வேறுபாட்டால் பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை. எடுக்கவில்லை என்று சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் அதே பொறியாளர் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அதை எழுப்பவும் சுமார் 18 மணி நேரம் ஆனது, நகல் இருந்த இடத்தின் டிஸ்க் அவ்வளவு மெது. அவர்கள் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: அந்த மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பொறியாளர்மேல் பழி சுமத்தவில்லை.

நம் பக்கத்தில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களை யாரோ புகுந்து பூட்டிவிட்டார்கள். சுமார் 1.3 டெராபைட் தகவல் குறியீடாக மாறிப்போயிற்று. வாரக்கணக்கில் சீட்டெழுதி வைத்தியம் பார்த்தார்கள். தப்பியிருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்து எடுத்து, புது சர்வர்களில் எழுப்பினார்கள். இலங்கை அரசின் மேகக் கணினியில் 2023 ஆகஸ்டில் இதே மாதிரி நேர்ந்தபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை: மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அமைச்சரவை அலுவலகம் உட்பட.

பெரிய இடங்களைச் சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளின் பேக்கப்பை, ஓடிக்கொண்டிருந்த கம்பெனி ஃபோல்டரின் மேலேயே ரீஸ்டோர் செய்தார்கள். மேலெழுதவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்கள். பென் டிரைவ் பாதியில் படிக்க முடியாமல் நின்றது. இப்போது புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கணக்குப்பிள்ளை பில் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று மாத விற்பனையைத் திரும்ப உள்ளே ஏற்றினார். வெறும் ஃபோல்டர் ஒன்றைப் புதிதாக உண்டாக்கி அதில் ரீஸ்டோர் செய்து, சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு மாற்றிக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. ஓடுவதன் மேல் ரீஸ்டோர் செய்யாதே என்பதை நான் எல்லாக் கடைகளிலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடங்களில் இருக்கும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கும் இதேதான். அதன் ரீஸ்டோர் பாதியில் நின்றால் சில அட்டவணைகள் நிறைந்திருக்கும், சில பாதி, சில இருக்கவே இருக்காது. அதை ஒட்டுப்போட முயலாமல் முழுதாக அழித்து வெறும் டேட்டாபேஸில் மறுபடி தொடங்குங்கள். தொடங்கும் முன் பேக்கப் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ரீஸ்டோர் நின்றதற்கு முன்பே பேக்கப் நின்றுபோயிருக்கிறது என்று பொருள்.

எழுந்தது சரியானதுதானா என்று பார்ப்பதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். திருவரங்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1323 படையெடுப்பின்போது ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்ட உற்சவர் 1371-இல் திரும்பி வந்தபோது, இடையில் வேறொரு திருமேனி சன்னிதியில் இருந்தது. எது பழையது என்று சொல்ல அந்தத் தலைமுறையில் ஆளில்லை. கோயில் மரபு சொல்வது, பெருமாளின் துணிகளை வெளுத்துவந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், கண் தெரியாத நிலையில், திருமஞ்சன ஈர ஆடையின் தீர்த்தத்தை வைத்து இவரே அவர் என்று அடையாளம் காட்டினார் என்பது. நாள்தோறும் கையால் தொட்டுப் பழகியவர் சொன்ன பிறகுதான் ஊர் ஒப்புக்கொண்டது.

பரிசோதனைக் கூடத்திலும் நான் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடுகிறேன். 'செக் டிபி' ஓட்டினேன், பக்கங்களில் பழுதில்லை என்று வந்தது. கடைசி ரசீது எண், கடைசி மாதிரி எண் இரண்டையும் பழைய சர்வரோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போயின. அதற்குமேல் மெஷினால் சொல்ல முடியாது. கவுன்டரில் பல வருடமாக இருக்கும் அம்மாவை வரச் சொல்லியிருந்தோம். அவர் உட்கார்ந்து, வாரந்தோறும் வரும் ஒரு நோயாளியின் பெயரைத் தட்டி, பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். கடன் பாக்கி இருக்கும் இரண்டு மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தார். அன்று மாலை தான் போட்டுப் பிறகு ரத்து செய்த ஒரு பில் ரத்தாகவே இருக்கிறதா என்று தேடினார், இருந்தது. "சரியா இருக்கும்மா" என்றார். அதன் பிறகுதான் கூடத்தின் மற்றக் கம்ப்யூட்டர்களைப் புது சர்வருக்குத் திருப்பினோம். பழையதை ஒரு மாதம் அப்படியே வைத்திருக்கச் சொன்னேன், டாக்டர் மறுக்கவில்லை.

இப்போது நான் போகும் இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் ஒதுக்கியிருக்கிறோம். ஓய்வுபெற்ற ஒரு கம்ப்யூட்டரில் புதிய பேக்கப்பை எடுத்துப் போட்டு ரீஸ்டோர் ஓட்டுவது. பாதியில் நானே பிளக்கைப் பிடுங்குவது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது. அங்கே வேலை செய்கிறவர்கள்தான் எழுப்ப வேண்டும். முதல் தடவை எல்லாருக்கும் கை நடுங்குகிறது. அடுத்த தடவை எரர் லாகைத் தாங்களாகவே திறக்கிறார்கள். தில்லைநகர்த் தம்பி படிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறான்: மூலம் எங்கே, பேக்கப் எங்கே, முதலில் யாருக்குப் போன், ரீஸ்டோருக்கு எத்தனை நிமிடம், சரிபார்க்க எத்தனை நிமிடம். ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிமிடங்களை அடித்துத் திருத்தி எழுதுகிறான். இரண்டையும் கூட்டிப் பார்த்த டாக்டர், கரண்ட் போனால் காலை ஆறரை வரிசை எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வாரமே புது பேட்டரி வந்தது.